பூச்சுக்கு ஆகாத மணல்

என் வேலை என்னவென்று அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "மண்ணுல கோலம் போடறேம்மா" என்றால், "அதுக்குக் கூடவா சம்பளம் தராங்க, எங்கிட்டயே கத உட்றியா" என்பாள். செம்மண், மணல், கிளிஞ்சல், செங்கல் தூள், கரித்தூள் இவற்றை வைத்து, ஒரு பக்கம் இருப்பது எதிர்ப் பக்கமும் அச்சாக இருக்கும்படி தரையில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு சித்திரம் அமைப்பது, அதற்கு மண் மண்டலம் என்று பெயர், வசதியானவர்கள் மன அமைதிக்காக அதைச் செய்துபார்க்க வருகிறார்கள் என்று விளக்கமாகச் சொன்னால், அவள் காதில் விழுவது ஒரே ஒரு சொல்தான். மண்.

அம்மா சித்தாள். கல்யாணமான நாளிலிருந்து கட்டட வேலைக்குப் போகிறாள். மணல் சலிப்பாள், கலவை தூக்குவாள், செங்கல் ஏற்றுவாள். சும்மாடு வைத்து வைத்து உச்சந்தலையில் ஓர் இடத்தில் முடி முளைப்பதே இல்லை. அதை மறைக்கும்படி வகிட்டை ஓரமாக எடுத்து வாரிக்கொள்வாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரி வாசலை மிதித்ததும் நான்தான். நான் படித்த படிப்பெல்லாம் அவள் கணக்கில் ஒரே காரியத்துக்குத்தான்: என் தலையில் மண் ஏறக் கூடாது.

ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, "டிராயிங் மாஸ்டர் ஆவியா?" என்று கேட்டாள். ஆகலாம் என்றேன். "அப்ப சரி" என்றாள். படிப்பு முடிந்து அடையாறில் ஒரு சிறிய கலைக்கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்து, சனி ஞாயிறுகளில் செம்மண் படிந்த சட்டையோடு நான் வீட்டுக்குத் திரும்பத் தொடங்கியதும் அந்த 'சரி' போய்விட்டது. கிண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் எங்கள் சந்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசுவாள். "மண்ணு தூக்கித்தான் இவன படிக்க வெச்சேன். இவன் மண்ணையே தூக்கிகினு வர்றான்."

லோடு ஆட்டோ ஓட்டும் என் அப்பா, நைனா, அதற்கு மேல். "உங்கம்மா தலையில தூக்குனா. நீ தரையில தேய்க்கிற. பிரமோஷன்தான், போ."

பக்கத்து வீட்டுப் பெண் அரசாங்கப் பரீட்சை எழுதி, தாலுகா ஆபீசில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவுக்கு அந்த ஃபேன்தான் கண்ணில். தினமும் சோறு போடும்போது அந்தப் பேச்சு வரும். ஒரு நாள் தாங்காமல் சொன்னேன்: "ஒரே ஒரு தடவ வந்து பாரு. நான் இன்னா செய்றேன்னு உன் கண்ணால பாரு. பாத்துட்டு, நீ பரீட்சை எழுதுடான்னு சொன்னா எழுதறேன். சொல்லலன்னா இனிமே அந்தப் பேச்ச எடுக்காத."

"எங்க வரணும்?"

அடுத்த வேலை நடக்கப்போகும் அடுக்குமாடிக் குடியிருப்பைச் சொன்னேன். அடையாறில், ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், உள்தெருவில். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நட்டநடுவுல காலி எடம் உட்டு, சுத்தி கட்டிருப்பாங்களே, அதா? டேய், அது நாங்க கட்டுனதுடா. நீ அப்ப பத்தாவது. அந்தக் காலி எடத்துலதான் மணல் கொட்டி வெச்சிருந்தோம். அங்கதான் குந்திகினு சலிப்பேன்." முகமே வேறு மாதிரி ஆகிவிட்டது. "முடிச்ச பின்னாடி உள்ள போனதே இல்ல. வரேன்."

எனக்கு அது போதும்.

இந்த வேலையின் முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். நடுவில் ஓர் ஆணியை நட்டு, அதில் சணல் கயிற்றைக் கட்டி வட்டங்களைப் போடுவோம். கயிற்றை இரண்டாக, நாலாக, எட்டாக மடித்து இதழ்களைப் பிரிப்போம். காலி பால் கவரின் மூலையைக் கத்தரித்து, அதில் சலித்த மண்ணை நிரப்பி, மருதாணிக் கூம்பு மாதிரிப் பிடித்துக் கோடு இழுப்போம். நடுவிலிருந்து தொடங்கிப் பின்னால் நகர்ந்துகொண்டே போக வேண்டும். முன்னால் போனால் நம் காலே நம் வேலையை மிதித்துவிடும். இன்னொன்று, கை தவறினால் அழிக்கக் கூடாது. மண்ணில் அழித்தால் தழும்பு தெரியும். ஓர் இதழில் கோடு கோணிப்போனால், மற்ற இதழ்களிலும் அதே இடத்தில் அதே அளவுக்குக் கோணலாக இழுத்துவிடுவோம். ஒரு தப்பு சுற்றிலும் ஒரே மாதிரி வந்துவிட்டால் அது தப்பில்லை, டிசைன். பார்க்கிறவர்கள் அந்த இடத்தைத்தான் முதலில் பாராட்டுவார்கள்.

அம்மா வரப்போகும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக நான் சேகரித்தது போல் எந்த வேலைக்கும் சேகரித்ததில்லை. செம்மண்ணை நர்சரியில் வாங்கி மூன்று முறை சலித்தேன். எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரரிடம் கரியை வாங்கி இடித்தேன். உடைந்த செங்கல்லைத் தூளாக்கினேன். ஆற்று மணலுக்குத்தான் அலைந்தேன். இப்போது எல்லாக் கட்டடத்துக்கும் கல்லை அரைத்த எம் சாண்ட்தான். அது கருஞ்சாம்பல் நிறம், வெயிலில் செத்த மாதிரி கிடக்கும். நைனா தான் லோடு அடிக்கும் கடையொன்றில் கெஞ்சி, மூலையில் கிடந்த பழைய ஆற்று மணலில் ஒரு மூட்டை வாங்கித் தந்தார். தந்துவிட்டு, "தங்கத்துல தேய்க்கிறடா" என்றார்.

கிளிஞ்சலுக்கும் வெளிர் மணலுக்கும் பெசன்ட் நகர் பக்கம் ஊரூர் குப்பத்துக் கரைக்கு விடியற்காலையில் போனேன். படகு வந்த நேரம். மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாப்பா, மீன உட்டுட்டு ஓட்ட பொறுக்கிகினு கீற?"

"டிசைனுக்குக்கா."

"துட்டு தர்றாங்களா?"

"தர்றாங்க."

"அப்ப பொறுக்கு, பொறுக்கு. நாளைக்குச் செதிலும் எடுத்து வெக்கிறேன்." பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று எனக்கு யார் சிரித்தாலும் வலிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் தொடங்கினேன். அந்த முற்றத்தில் இப்போது வழவழவென்று வெளிர் டைல்ஸ். அம்மா சலித்த இடம் எதுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஆணிக்குப் பதிலாக நடுவில் கனமான ஒரு கல்லை வைத்து, அதில் கயிற்றைக் கட்டினேன். கிளிஞ்சலில் மொட்டு. அதைச் சுற்றி எட்டுச் செம்மண் இதழ்கள். இதழ்களுக்கு இடையே கரிக்கோடு. அதற்கு வெளியே ஆற்று மணலில் அகலமான ஒரு வளையம், சல்லடைக் கண் மாதிரி கட்டம் கட்டமாக. அது அம்மாவின் சல்லடைதான், யாரிடமும் சொல்லவில்லை. அவள் பார்த்த உடனே கண்டுபிடிப்பாள் என்று இருந்தேன்.

குடியிருப்பில் உள்ளவர்கள் போகிற வருகிற வழியில் நின்று பார்த்தார்கள். "இந்த மண்ணு ஸ்டெரிலைஸ் பண்ணதா? பாப்பா தொடலாமா?" என்று ஒரு தாய் கேட்டார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்றவர், மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். தன் கையாலேயே எனக்குக் காபி கொண்டுவந்தார். "எங்காத்துல எல்லாரும் பால்கனிலேந்து பாத்துண்டே இருக்கா. என்னமா வந்திருக்கு!" என்றார். அது பொய்யில்லை. அவர் நல்ல மனுஷர்தான். அங்கே யாருமே கெட்டவர்கள் இல்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் அசௌகரியமாக இருக்கிறது.

கலைக்கூடத்தை நடத்தும் மேடத்திடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். இந்த மண்டலத்தில் கடைசியாக ஒரு சடங்கு உண்டு. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஓரத்திலிருந்து உள்நோக்கி உள்ளங்கையால் தள்ளி, முழுச் சித்திரத்தையும் ஒரே குவியலாக்குவார்கள். ஆளுக்கொரு சிட்டிகையைச் சிறிய துணிப்பையில் எடுத்துப்போவார்கள். எதுவும் நிலையில்லை என்று காட்டுவதற்கு. அதை ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளலாம், அம்மா ஐந்துக்கு வந்துவிடுவாள் என்றேன். "ஷ்யூர், ஷ்யூர். அம்மா வராங்களா? ஸோ ஸ்வீட்" என்றார் மேடம். அம்மாவுக்கு அன்று தி.நகரில் கான்கிரீட் போடும் வேலை. கான்கிரீட் போடும் அன்று வேலையைப் பாதியில் விட்டு வர முடியாது. நல்ல புடவையைப் பையில் வைத்து எடுத்துப்போயிருந்தாள்.

ஞாயிறு மதியம் முடித்துவிட்டேன். மேல் மாடியிலிருந்து பார்த்தபோது, நான் போட்டதுதானா என்று எனக்கே நம்ப முடியவில்லை. பரீட்சைப் பேச்சு இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றரைக்கு வானம் மூடியது. செயலாளர் வேகமாக வந்தார்.

"மேடம், மழை வந்துண்டிருக்கு. செம்மண் நனைஞ்சா டைல்ஸ்ல கறை பிடிச்சுடும். அப்புறம் போகவே போகாது. இப்பவே முடிச்சுடலாமே?"

"அஞ்சு மணி வரைக்கும் மழை வராது சார்" என்றேன், வானிலை நிலையமே என் வீட்டில் இருப்பது போல. "தார்ப்பாய் இருக்கு, நான் மூடறேன்." தார்ப்பாய் போட்டால் மேலே பட்டுக் கலைந்துவிடும் என்று எனக்கே தெரியும். மேடத்துக்கும் தெரியும். என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"நாம இங்க பேசறதே அட்டாச்மென்ட் பத்திதான். நீயே இப்படி இருந்தா எப்படி? அம்மாவுக்கு வீடியோ காமிக்கலாம்."

சடங்கைத் தொடங்கிவைப்பது என் வேலை. வெண்கலக் கிண்ணத்தைத் தட்டி இரண்டு வரி சொல்ல வேண்டும். "நீ சொன்னா ஒரு எர்த்தி ஃபீல் இருக்கு" என்பார் மேடம். தட்டினேன். "இது மண்ணிலிருந்து வந்தது. மண்ணுக்கே திரும்புகிறது. பற்றை விடுங்கள்" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. எல்லோரும் குனிந்து தள்ளினார்கள். சல்லடை முதலில் போயிற்று. பிறகு கரி. பிறகு எட்டு இதழ். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். குவியல் ஆனதும் துணிப்பைகளை நிரப்பிக்கொண்டு பஜ்ஜி இருந்த பக்கம் போனார்கள்.

மழை வரவே இல்லை. நாலரைக்கு மஞ்சள் வெயில் அடித்தது.

அம்மா வந்தபோது கையில் துடைப்பமும் முறமும் இருந்தன. மாம்பழ மஞ்சள் புடவை, தலையில் முழம் மல்லி, தோளில் பழைய புடவை இருந்த பை, கையில் புதுத் துடைப்பம். அவள் வாசலில் வந்து நின்றதும், காவல் நாற்காலியில் இருந்தவர் "வாம்மா, இன்னா இவ்ளோ லேட்டு? உள்ள மண்ண கூட்டி அள்ளணும்" என்று அதைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். சுத்தம் செய்ய ஓர் அம்மாள் வருவதாகச் செயலாளர் சொல்லி வைத்திருந்தாராம். நான்தான் கேட்டு அனுப்பினேன் என்று அம்மா நினைத்திருக்கிறாள்.

"தொடப்பம் கேட்டியாமே?" என்றாள். பிறகு முற்றத்தைப் பார்த்தாள். "எங்கடா கோலம்?"

"கலைச்சுட்டாங்கம்மா."

"யாரு?"

"எல்லாரும். கலைக்கறதுதான் முறை."

"போட்டதே கலைக்கத்தானா?"

"ஆமா."

"அப்ப இன்னாத்துக்குப் போட்ட?"

பதில் சொல்வதற்குள் செயலாளர் பஜ்ஜித் தட்டோடு வந்துவிட்டார். "வந்துட்டேளா? சித்த சீக்கிரம் அள்ளிடுங்கோ. இங்கதான் டேபிள் போடணும்."

"சார், இவங்க எங்க அம்மா" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ! சாரிப்பா, எனக்குத் தெரியாது. உக்காருங்கோம்மா. யாராவது ஒரு சேர் கொண்டாங்கோ!" அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பின்னாலேயே மேடம் வந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். துடைப்பத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"ஓ மை காட். பையன் செஞ்சத அம்மாவே மண்ணுக்கு அனுப்பறாங்க. இதைவிட பியூட்டிஃபுல்லா ஒரு க்ளோஷர் இருக்க முடியுமா? அம்மா, ஒரே ஒரு நிமிஷம், நீங்களே பண்ணுங்களேன்."

"வேணாம் மேடம்" என்றேன்.

"இருடா. சொல்றாங்கல்ல" என்றாள் அம்மா. என் பக்கம் குனிந்து, அடங்கிய குரலில்: "சம்பளம் தர்றவங்க. மூஞ்சக் காட்டாத."

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எல்லோரும் பஜ்ஜியை வைத்துவிட்டு ஃபோனை எடுத்தார்கள். சடங்கின்போது ஓடிய குழல் இசையை யாரோ மறுபடி போட்டார்கள். நல்ல புடவை கட்டிய என் அம்மா, தான் மணல் சலித்த இடத்தில், என் சித்திரத்தைப் பெருக்கினாள். காவல்காரர் செய்த ஒரு தப்பு. அதையே செயலாளர் செய்தார், மேடம் செய்தார், எனக்காக அம்மாவும் செய்தாள். சுற்றிலும் ஒரே மாதிரி வந்துவிட்டது. எல்லோருக்கும் அந்த இடம்தான் பிடித்திருந்தது. கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் அம்மா குவியலுக்கு முன்னால் குந்தி, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினாள்.

"ஆத்து மணலாடா இது?"

"ஆமாம்மா. நைனாதான் வாங்கித் தந்தாரு."

கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. எங்கள் வீட்டுச் சமையல் மூலையில் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. பூசத்தான் நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். "கோணிப் பை கீதா? ஊட்டுக்கு எடுத்துகினு போலாம். இந்தக் காலத்துல யாரு கண்ணுல காட்றான் இத." இன்னொரு பிடி அள்ளினாள். விரலால் கிளறினாள். கிளிஞ்சல் துண்டு ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது.

"கடல் மண்ணா?"

"வெள்ளைக்காகக் கொஞ்சம்..."

"போச்சு." கையை உதறினாள். "உப்பு ஏறிடும்டா. செவுத்துல அடிச்சா பொரிஞ்சு கொட்டிடும். இதுல கரி வேற, செம்மண்ணு வேற. பூச்சுக்கும் ஆவாது, செடிக்கும் ஆவாது. ரப்பீஸ்ல கொட்ட வேண்டியதுதான்." ரப்பீஸ் என்பது கட்டடம் இடித்த குப்பை. குவியலை ஒரு தரம் பார்த்தாள். "தனித்தனியா இருந்தா எல்லாமே நல்ல சாமான். ஒண்ணாக் கலந்து ஒண்ணுத்துக்கும் ஆவாம பண்ணிட்டியேடா."

சற்று முன்புதான் கிண்ணத்தைத் தட்டி, மண்ணுக்கே திரும்புகிறது என்று நான் அத்தனை பேருக்கும் சொல்லியிருந்தேன்.

மேடம் மாடியிலிருந்து எடுத்த படத்தை ஃபோனில் காட்டினார். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தொடாமல், குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் நகம் அளவுக்கு எட்டு இதழ். சல்லடை வளையம் ஒரு பழுப்புக் கோடாகத்தான் தெரிந்தது. வெயிலில் திரை மங்கி, அவள் முகம்தான் அதில் விழுந்தது.

"நல்லா கீதுங்க" என்றாள். மேடத்திடம் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

செயலாளர் அம்மாவை உட்காரவைத்து பஜ்ஜியும் காபியும் கொடுத்தார். அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். "அந்த மூலையிலதான் மழைக்கு ஒதுங்கி சோறு துண்ணுவோம்" என்றாள் அவரிடம். "அப்படியா? அங்க இப்ப ஜிம் இருக்கு" என்றார் அவர். போகும்போது மேடம் அம்மாவின் கையிலும் ஒரு துணிப்பையை வைத்தார். உள்ளே ஒரு சிட்டிகை ரப்பீஸ். வாசல் தாண்டியதும் அம்மா அதை அவிழ்த்து ஒரு மரத்தடியில் கொட்டிவிட்டு, பையை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "சில்ற வெச்சிக்கலாம்."

அடையாறு டிப்போவில் பஸ்ஸுக்காக நின்றபோது நானே கேட்டேன். "சொல்லு. பரீட்சை எழுதணுமா?"

"உன் இஷ்டம்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சல்லடையைப் பற்றிச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். பார்க்காத ஒன்றைப் பற்றி எதைச் சொல்வது? பஸ் வந்துவிட்டது. உட்கார இடம் கிடைத்ததும் தூங்கிப்போனாள். நகக்கண்ணில் காலையில் போட்ட கான்கிரீட்டும் சாயங்காலம் அள்ளிய செம்மண்ணும் இருந்தன.

அம்மா பெருக்கிய படம் மேடத்தின் இணையப் பக்கத்தில் வந்தது. 'தாயின் கரங்களால் மண்ணுக்கு' என்று மேலே எழுதியிருந்தது. நான் செய்த எதற்கும் அத்தனை பேர் இதயம் போட்டதில்லை. இப்போது ஒவ்வொரு பயிற்சியிலும் வாசல் பேனரில் அதுதான் இருக்கிறது. அதில் என் சித்திரம் இல்லை. ஒரு குவியல், ஒரு துடைப்பம், மஞ்சள் புடவை. அந்த பேனரை ஆணியில் மாட்டுவதும் கழற்றுவதும் என் வேலை. அம்மாவுக்குப் படம் பிடித்துவிட்டது. புடவை நன்றாக விழுந்திருக்கிறதாம். வாட்ஸப்பில் அதைத்தான் வைத்திருக்கிறாள். சந்தில் யாராவது கேட்டால், "எம்புள்ள வேலை செய்ற எடத்துல எடுத்தது" என்கிறாள்.

பரீட்சைக்கு நானே விண்ணப்பித்தேன். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புத்தகம் தலைமாட்டில் கிடக்கிறது. அதை நகர்த்திவைத்துவிட்டு எனக்குப் பாய் விரிக்கிறாள்.

போன மாதம் மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டுக் கூடத்தில் மண்டலம் போட்டேன். கூரையுள்ள இடம், மழைத் தொந்தரவு இல்லை, இரண்டு நாள் அப்படியே இருக்கும். கடல் மணல் சேர்க்கவில்லை. காலையில் கிளம்பும்போது, "வந்து பாக்கறியாம்மா? இது இன்னிக்கும் இருக்கும், நாளைக்கும் இருக்கும்" என்றேன்.

அம்மா சும்மாட்டுத் துணியை உதறி மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கறதுக்கு இன்னா கீது" என்றாள். "கூட்டணும்னா சொல்லு, வரேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.